குறைந்த செலவில் நிறைவான உடை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் பழமொழி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பதும் நம் பழமொழிதான். முதலாவது உடையின் மதிப்பைச் சொல்கிறது. இரண்டாவது, அந்த மதிப்புக்குப் பணம் மட்டுமே காரணம் அல்ல என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இக்கட்டுரையின் சாரம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

தெற்கிலிருந்து தில்லிக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்கள் இந்தி சரளமாக வராது. நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும்போது வாய் பேசுவதற்கு முன் உடை பேசிவிடுகிறது. இதை உணர்ந்த சிலர் முதல் சம்பளம் வருமுன்னரே தவணையில் கோட்டும் பூட்ஸும் வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் மெஸ் பாக்கியைக் கட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள். வேறு சிலர் "நமக்கு எதற்கு ஆடம்பரம்?" என்று தோள் தொங்கும் சட்டையோடு போய், தகுதி இருந்தும் பின்தங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். குறைந்த செலவில் நன்றாக உடுத்துவது ஒரு தொழில்நுட்பம். அதற்கு அளவு, பொருள், பராமரிப்பு என்று மூன்று பிரிவுகள் உண்டு. ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டிகளையும் சக்கரங்களையும் பார்த்தவனுக்கு, சட்டையையும் அதே கண்ணோடுதான் பார்க்கத் தெரிகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விலை வேறு, செலவு வேறு

கடைக்காரர் சொல்வது விலை. அந்தத் துணியை ஒருமுறை உடுத்துவதற்கு நமக்கு ஆவது செலவு. 400 ரூபாய்ச் சட்டை ஒன்று 25 முறை உடுத்தியதும் காலர் பிய்ந்து போனால், ஒரு முறைக்கு 16 ரூபாய். 900 ரூபாய்ச் சட்டை 90 முறை தாங்கினால் ஒரு முறைக்கு 10 ரூபாய். ஆக, விலை அதிகமானது இங்கே மலிவானது. ஆனால் இதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். கல்யாணத்துக்கென்று 9,000 ரூபாயில் தைத்த கோட்டு சூட்டை ஐந்து ஆண்டுகளில் ஆறு முறை போட்டால் ஒரு முறைக்கு 1,500 ரூபாய். அதைவிட வாடகைக்கு எடுப்பது மேல்.

எனவே தினமும் உடுத்துவதில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். எப்போதாவது உடுத்துவதில் கையை இறுக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது.

தள்ளுபடிப் பலகைகளையும் கணக்குப் போட்டே படிக்க வேண்டும். "50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்றால் 70 சதவீதம் குறைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். 1,000 ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகிறது. அந்த 500-இல் 20 சதவீதம் போனால் 400. ஆகக் குறைந்தது 60 சதவீதம்தான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்று சட்டை தேவைப்படுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஒரே சட்டை தேவைப்படுகிறவருக்கு இருமடங்கு செலவு. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலை. அதற்கு மேல் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அளவுதான் முதல் அழகு

நேர்த்தி என்பதில் பெரும்பங்கு அளவுப் பொருத்தம்தான். 500 ரூபாய்ச் சட்டை உடலுக்குப் பொருந்தியிருந்தால், பொருந்தாத 3,000 ரூபாய்ச் சட்டையைவிட எடுப்பாக இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

தோள்: சட்டையின் தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கைப்பக்கம் வழிந்தால் இரவல் சட்டை போலத் தோன்றும்.

கழுத்து: மேல் பொத்தானைப் போட்ட பின் காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் டை கட்டும்போது காலர் சுருங்கும்.

கை: முழுக்கைச் சட்டை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும்.

பேண்ட்: முன்பக்கம் காலணியின் மேல் ஒரு சிறு மடிப்பு விழுந்தால் போதும். கணுக்காலில் மூன்று நான்கு மடிப்பாகக் குவிந்தால் குள்ளமாகக் காட்டும்.

இனி, எதைத் திருத்த முடியும், எதை முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். பேண்ட் நீளம், கை நீளம், சட்டையின் பக்கவாட்டுத் தளர்ச்சி ஆகியவற்றைத் தெருமுனைத் தையற்காரர் சிறு தொகைக்குச் சரிசெய்துவிடுவார். பேண்ட் இடுப்பை ஓர் அங்குலம் வரை பிரித்து விடலாம், உள்ளே துணி விட்டிருந்தால். தோளைத் திருத்துவது மட்டும் சட்டையை மறுபடி தைப்பதற்குச் சமம். ஆகவே ஆயத்த உடை வாங்கும்போது தோள் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். மற்றவை பிறகு.

கைபேசி வழியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். வீட்டில் உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்தும் சட்டையை மேசை மேல் விரித்து, தோள், மார்பு, நீளம், கை ஆகிய நான்கையும் டேப்பால் அளந்து ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். விற்பவர் தரும் அளவுப் பட்டியலோடு அதை ஒப்பிடுங்கள். மார்பளவு விரித்த துணியில் 21 அங்குலம் என்றால் சுற்றளவு 42 என்பதை மறக்க வேண்டாம்.

துணியைப் படிப்பது எப்படி?

பருத்தி நூலுக்கு நம்பர் உண்டு. 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், அதாவது 33,600 கஜம். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 30. புது தில்லி நிலையத்தில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனால் காஜியாபாத்தைத் தாண்டிவிடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும், துணி மென்மையாகும், விலையும் ஏறும். வேட்டி வாங்கும்போது 40, 60, 80, 100 என்று சொல்வது இதைத்தான். தினசரிச் சட்டைக்கு 40 முதல் 60 வரை போதுமானது. மிக மெல்லிய துணி கண்ணுக்கு அழகு. ஆனால் பஸ் நெரிசலுக்குத் தாங்காது.

அடுத்தது ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே அது. சட்டைத் துணி சுமாராக 100 முதல் 140 வரை இருக்கும். பனியன் துணியில் தைத்த டி-ஷர்ட் 160, 180 இருந்தால் உருவம் குலையாது. 120, 130 என்றால் நான்கு துவைப்பில் முறுக்கிக்கொள்ளும். எடை அச்சிடாவிட்டாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும்.

பிறகு கலப்பு. 1960-களில் டெரிலீன் சட்டை போட்டவர் பெரிய மனிதர். 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த பாலியஸ்டர் இழை கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சாது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை ஏற்கும். கம்பளி 16 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. தில்லியில் மே மாதம் 44 டிகிரி வெயிலில் வியர்வை எங்கே போகும்? அதனால்தான் கோடைக்குப் பருத்தி. இஸ்திரிச் செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்குப் பாலியஸ்டரும் பருத்தியும் 67-க்கு 33 என்ற விகிதத்தில் கலந்த டெரிகாட்டன் ஒரு நடுவழி.

"சுத்தப் பருத்தி" என்று கடைக்காரர் சத்தியம் செய்தால், துணியின் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி வீட்டில் நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மிருதுவான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடையோடு சுருண்டு, நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். துணியையே கொளுத்தாமல் நூலை மட்டும் சோதிக்க வேண்டும். அதுவும் தண்ணீர்த் தொட்டி அருகில்.

பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். சுருக்கம் நீக்கிப் பதப்படுத்தியது என்று அச்சிட்டிராத துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்திக் கொடுங்கள். 40 அங்குல நீளச் சட்டைத்துணி 5 சதவீதம் சுருங்கினால் 2 அங்குலம் போய்விடும். சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து மடிப்பின் உட்புறத்தில் அழுத்தித் தேய்த்தால் போதும்.

தையலைத் திருப்பிப் பாருங்கள்

சட்டையின் வெளிப்புறம் விற்பவருக்கு, உட்புறம் வாங்குபவருக்கு. திருப்பிப் பிடித்து ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 12-க்கு மேல் இருந்தால் நல்ல வேலை. 7, 8 என்றால் அவசர வேலை; விரைவில் பிரியும். உள் ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டிருக்கின்றனவா அல்லது வெறும் ஓவர்லாக்கா, காஜா நூல் பிசிறில்லாமல் இருக்கிறதா, கோடு அல்லது கட்டம் போட்ட துணியானால் சட்டைப்பையில் கோடுகள் நேராகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் கவனம் செலுத்திய தொழிற்சாலை மற்றவற்றிலும் கவனமாக இருந்திருக்கும். பெட்டிப் பரிசோதனையில் நாங்கள் கையாண்ட முறையும் அதுவே. எளிதில் தெரியும் இடத்தில் உள்ள ஒழுங்கு, தெரியாத இடத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்.

நான்கு சட்டை, எட்டு உடை

ஒரே வகைப் பெட்டிகளுக்கு எந்தச் சக்கரத்தையும் எதற்கும் மாற்றலாம் என்றால் குறைந்த உதிரிப் பாகங்களை வைத்தே பணிமனையை ஓட்டலாம். உடை அலமாரியும் அப்படித்தான். ஐந்து சட்டையும் மூன்று பேண்டும் எதுவும் எதனோடும் சேரும்படி இருந்தால் ஐம்மூன்று பதினைந்து சேர்க்கைகள். ஒரே ஒரு பேண்டோடு மட்டும் சேரக்கூடிய ஒரு பளபளப்புச் சட்டை வாங்கினால் கூடுவது ஒன்றுதான். அதே பணத்தில் மூன்றோடும் சேரும் வெளிர்நீலச் சட்டை வாங்கினால் கூடுவது மூன்று.

ஆகவே பேண்ட் கருநீலம், சாம்பல், காக்கி மஞ்சள் போன்ற அமைதியான நிறங்களில் இருக்கட்டும். சட்டை வெள்ளை, வெளிர்நீலம், மெல்லிய கோடு. நிறத்தில் ஆசை உள்ளவர்கள் ஸ்வெட்டரிலும் மஃப்ளரிலும் அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கும் இதே கணக்கு. ஒவ்வொரு புடவைக்கும் ஒரு ரவிக்கை என்று தைக்காமல், கறுப்பு, பொன்னிறம், அரக்கு ஆகிய மூன்று நிறங்களில் நல்ல அளவில் மூன்று ரவிக்கைகள் தைத்துக்கொண்டால் எட்டுப் புடவைகளுக்கு அவை ஈடுகொடுக்கும் என்பது என் மனைவியின் கணக்கு. ஃபால்ஸ் வைத்து பிக்கோ அடிக்காமல் எந்தப் புடவையையும் கட்டக் கூடாது என்பது அவள் விதி. கீழ்க்கரை தேய்வதுதான் புடவையின் முதல் நோய். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு வெள்ளை, கறுப்பு என்று இரண்டு சூடிதாரும் இரண்டு துப்பட்டாவும் இருந்தால் ஆறு குர்த்தாக்களை மாற்றி மாற்றி அணியலாம். கரை நைந்த பழைய பட்டுப்புடவை பேத்தியின் பாவாடையாக, குர்த்தாவின் பட்டியாக மறுபிறவி எடுப்பதை நம் வீடுகளில் பார்க்கிறோம்.

எங்கே வாங்குவது?

தில்லிவாசிகளுக்குச் சரோஜினி நகர் மார்க்கெட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஏன் மலிவு என்பதைத் தெரிந்துகொண்டால் நன்றாக வாங்கலாம். ஓக்லா, நொய்டா, குருகிராம் ஆகிய இடங்களின் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஆர்டர் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பது வழக்கம், சேதத்துக்கு ஈடாக. சேதம் இல்லாவிட்டால் அது மிச்சம். கப்பல் தேதி தவறினாலும், வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்தாலும் முழுச் சரக்கே மிச்சம். நிறம் ஒரு சாயல் மாறியது, பொத்தான் இடம் தவறியது, ஊசித் துளை விழுந்தது என்று தள்ளப்பட்டவை வேறு. இவையெல்லாம் காலர் பட்டையைக் கத்தரித்துக்கொண்டு சந்தைக்கு வருகின்றன. நம் திருப்பூரில் பின்னிய பனியன் உடைகளும் இதே போல் மிச்சச் சரக்காகச் சந்தைகளுக்கு வருவதுண்டு.

இதில் இரண்டு எச்சரிக்கை. தள்ளப்பட்ட உடையில் குறை எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடித்த பிறகே வாங்குங்கள். பொத்தான் குறை என்றால் லாபம். அக்குளில் துளை என்றால் நஷ்டம். இரண்டாவது, "எக்ஸ்போர்ட்" என்று கூவி விற்பதெல்லாம் எக்ஸ்போர்ட் அல்ல. மேலே சொன்ன தையல் எண்ணிக்கையே அதற்கு உரைகல். பகல் வெளிச்சத்தில் போவது நல்லது; மின்விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். திங்களன்று விடுமுறை.

தைத்து உடுத்துகிறவர்களுக்குக் கனாட் பிளேஸ் அருகே சங்கர் மார்க்கெட், நேரு பிளேஸ் துணிக்கடைகள், சாந்தினி சௌக்கின் கட்ரா நீல் ஆகியவை உண்டு. கட்பீஸ் வாங்கும்போது பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைக் கேளுங்கள். முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத் துணி இரண்டேகால் மீட்டராவது வேண்டும். 58 அங்குலமானால் சுமார் 1.60 மீட்டர் போதும். பேண்டுக்கு 58 அங்குலத்தில் 1.25 மீட்டர். மீட்டர் விலையை மட்டும் பார்த்து ஏமாறாமல் ஒரு சட்டைக்கு என்ன விலை என்று பெருக்கிப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருநாள் குடியிருப்புப் பகுதிகளில் கூடும் சோம் பஜார், மங்கள் பஜார், புத் பஜார் ஆகியவற்றில் உள்ளாடை, காலுறை, குழந்தைகள் உடை மலிவு. கதர்க் கடைகளில் காந்தி ஜயந்தியையொட்டித் தள்ளுபடி கிடைக்கும். ஊருக்குப் போகும்போது தீபாவளிப் பருவத்தில் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடியில் வேட்டி, போர்வை, பருத்திப் புடவை வாங்கி வருவது நம்மவர்கள் நெடுநாள் கண்ட வழி. 1935-இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனத்தில் வாங்கும் பணத்தில் நெசவாளியின் பங்கும் இருக்கிறது.

குளிர்காலம் என்னும் சோதனை

தில்லிக் குளிர் நம்மவர்களுக்குப் புதிது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 4, 5 டிகிரிக்கு இறங்கும்போது, "கனமான ஒரு கோட்டு வாங்கினால் தீர்ந்தது" என்று நினைப்பார்கள். குளிரைத் தடுப்பது துணியின் கனம் அல்ல. துணிகளுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்று. குளிர்சாதனப் பெட்டியின் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் அதே தத்துவம்தான். எனவே ஒட்டிய உள்பனியன், சட்டை, அரைக்கை ஸ்வெட்டர், காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் என்று நான்கு அடுக்கு, கனத்த கோட்டைவிடக் கதகதப்பு. செலவும் குறைவு, மதிய வெயிலில் ஒவ்வொன்றாகக் கழற்றவும் வசதி.

குளிர்காலத்தில் திபெத்திய அகதிகள் நடத்தும் கம்பளிச் சந்தைகளில் பேரம் இல்லாமல் நல்ல ஸ்வெட்டர் கிடைக்கும். அவற்றில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் பின்னப்படுபவை. அங்கே "காஷ்மிலான்" என்ற பெயரைக் கேட்டுக் காஷ்மீர்க் கம்பளி என்று நினைத்துவிடாதீர்கள். அது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. மலிவு, பூச்சி அரிக்காது. ஆனால் உரசும் இடங்களில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். தினசரிக்கு அது போதும். வெளியே போகக் கம்பளி ஒன்று இருந்தால் பத்து ஆண்டு வரும். புடவை கட்டுகிறவர்களுக்குக் கம்பளியில் பின்னிய முழுக்கை ரவிக்கை கிடைக்கிறது. மேலே ஸ்வெட்டர் போட்டுப் புடவையின் அழகை மறைக்க வேண்டியதில்லை.

பராமரிப்பே பாதி ஆயுள்

பெட்டி புதிதாக வந்த நாளிலிருந்தே பராமரிப்பும் தொடங்கும். உடையும் அப்படியே.

துவைக்குமுன் சட்டையை உட்புறம் திருப்புங்கள், நிழலில் உலர்த்துங்கள், நிறம் நிற்கும். காலர், கைப்பட்டை அழுக்கை இயந்திரத்தில் போடுமுன் சோப்புத் தடவி விரலால் தேய்த்தால் போதும். கெட்டித் தூரிகை வேண்டாம். தில்லியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். வெள்ளைத் துணி பழுப்பேறும். கடைசி அலசலில் ஒரு மூடி வெள்ளை வினிகர் சேர்த்தால் படிவு குறையும். கம்பளிக்கும் பட்டுக்கும் பிளீச்சிங் நீர் காட்டவே கூடாது, இழையையே அரித்துவிடும்.

ஸ்வெட்டரைத் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள், தொங்கினால் நீளும். மார்ச்சில் பெட்டியில் வைக்குமுன் துவைத்து நன்றாக உலர்த்தியே வைக்க வேண்டும். பூச்சியின் புழு முதலில் தேடுவது வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான்.

ஒரு பொத்தான் விழுந்த அன்றே தைத்துவிடுங்கள். நல்ல பேண்டில் சிகரெட் நெருப்போ ஆணியோ துளை போட்டால் தூக்கி எறியாதீர்கள். தில்லியின் பழைய கடைத்தெருக்களில் ரஃபூ வேலை செய்பவர்கள் அந்தத் துணியின் மறைவிடத்திலிருந்தே நூலை உருவி, பாவும் ஊடையுமாகப் பின்னித் துளை இருந்த சுவடு தெரியாமல் செய்துவிடுவார்கள். அழிந்துவரும் அருமையான கைவேலை அது. காலணி இரண்டு ஜோடி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உள்ளே ஈரம் காய்ந்து, இரண்டும் நெடுநாள் உழைக்கும்.

ஏழாயிரம் ரூபாய்த் திட்டம்

அக்டோபரில் தில்லியில் வேலைக்குச் சேரும் ஓர் இளைஞரின் கையில் 7,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும். பிரிக்கும் முறையைப் பாருங்கள்.

கட்பீஸ் எடுத்துத் தைத்த சட்டை 2 (துணி 290, கூலி 350 வீதம்): 1,280
மிச்சச் சரக்குச் சட்டை 2 (350 வீதம், திருத்தக் கூலி 60 வீதம்): 820
தைத்த பேண்ட் 2 (துணி 440, கூலி 500 வீதம்): 1,880
கறுப்புக் காலணி: 1,200
பெல்ட்: 250
வி-கழுத்து ஸ்வெட்டர்: 800
குளிர்கால உள்பனியன்: 350
காலுறை, கைக்குட்டை: 250
பாலிஷ், தூரிகை, ஊசி நூல், பொத்தான்: 170
மொத்தம்: 7,000

நான்கு சட்டை, இரண்டு பேண்ட், எட்டுச் சேர்க்கை. ஸ்வெட்டரோடு சேர்த்தால் பதினாறு. ஜாக்கெட் டிசம்பரில், சம்பளப் பணத்தில். கடைசி வரியில் உள்ள 170 ரூபாயைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். மேலே உள்ள 6,830 ரூபாய்க்குக் காவல் அதுதான்.

தவணை வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். வீட்டுக்கும் படிப்புக்கும் கடன் வாங்கினால், கடன் தீரும்போது அவை நிற்கின்றன. உடைக்குக் கடன் வாங்கினால், கடன் தீருமுன் உடை நைந்துவிடுகிறது. ஆகவே இரவல் பணத்தில் உடை வேண்டாம்.

கழித்த துணிக்கும் வழி உண்டு

நமக்குச் சிறிதாகிப்போன உடை இன்னொருவருக்குச் சரியாக இருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துப்போகும் பெண்களை நம் தெருக்களில் பார்த்திருப்போம். அவர்கள் சேர்த்த துணிகள் மேற்கு தில்லியின் ரகுபீர் நகரில் விடியற்காலையில் கூடும் சந்தைக்குப் போய், பழுது பார்க்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வருகின்றன. உடுத்தவே முடியாத கம்பளிகள் பானிபட்டில் கிழிக்கப்பட்டு, நூலாகி, போர்வையாகின்றன. 1999-இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் போன்ற தொண்டு நிறுவனங்கள் துணிகளைப் பெற்றுக் கிராமங்களுக்கு அனுப்புகின்றன. கொடுக்கும்போது துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுப்பது பெறுகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை. கிழிந்த உள்ளாடைகளைத் தானம் என்ற பெயரில் தள்ளிவிடுவது தானம் ஆகாது.

நம் சங்கத்து இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நல்ல உடை என்பது பணக்காரர்களின் தனிச் சொத்து அல்ல. ஒரு டேப்பு, ஓர் ஊசி, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பொறுமை இருந்தால் எவரும் தலைநிமிர்ந்து எந்த அறைக்குள்ளும் நுழையலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது சட்டையை ஒருமுறை உட்புறம் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.